பவர் டில்லரை மினி லாரியில் ஏற்றச் சாய்பலகை

கேள்வி: லாரித் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருப்பதால், பவர் டில்லரை (பின்னால் நடந்தபடி கைப்பிடியால் ஓட்டும் உழவு இயந்திரம்) ஏற்றுவதற்கு 6 அடி நீளமுள்ள இரண்டு சாய்பலகைகள் போதுமா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: போதாது ஐயா. 6 அடியில் சரிவு ஏறத்தாழ 25 பாகை ஆகிவிடும். 10 அடி வைத்தால் 15 பாகைக்குள் அடங்கும். லாரியின் பின்சக்கரங்களைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் உயரம் இன்னும் குறையும்.

பதில் 2: நீளத்தைவிட முக்கியமானது, பலகையின் மேல்முனையை லாரிச் சட்டத்துடன் சங்கிலியால் கட்டுவது. நான் கட்டாமல் ஏற்றியபோது, சக்கரம் உந்திய வேகத்தில் பலகை பின்னால் நழுவி, கைப்பிடி என் தாடையில் இடித்தது.

பதில் 3: மரத்தை நம்பாமல் இரும்புச் சானலில் செய்து, சக்கரம் வழுக்காதிருக்கக் குறுக்கே கம்பிகளைப் பற்றவையுங்கள். முன்னோக்கி இறக்கும்போது ஸ்டியரிங் கிளட்சை (வண்டியைத் திருப்பக் கைப்பிடியின் இருபுறமும் உள்ள பிடிகள்) தொடாதீர்கள். சரிவில் இறங்கும்போது இடப்பக்கப் பிடியை அழுத்தினால் வண்டி வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திரும்பும்.