‘ரிஃப்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ஒரு மடலாடல்

மதுரையிலிருந்து, திங்கள் காலை

குழுமத்தாருக்கு வணக்கம். மேற்கத்திய வெகுசன இசை பற்றிய பாடநூல் ஒன்றைக் கல்லூரி மாணவர்களுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். ஏழாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்: ‘ரிஃப்’.

அத்தியாயம் முழுவதும் டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்ற பாட்டைப் பற்றியது. பாட்டைத் தெரியாதவர்கள்கூட அதன் தொடக்கத்தை எங்காவது கேட்டிருப்பார்கள். கித்தாரில் மூன்று அடி, பிறகு நான்கு, மறுபடி மூன்று, கடைசியில் இரண்டு. மொத்தம் 12 அடி, நான்கே சுரம். இந்தத் தொடர்தான் ‘ரிஃப்’. அத்தியாயத்தில் 38 இடங்களில் இந்தச் சொல் வருகிறது. ‘மோட்டிஃப்’, ‘ரிஃப்ரெய்ன்’ ஆகியவையும் பக்கத்திலேயே வருவதால் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்க முடியாது. எனக்கு முன் இப்பணியைத் தொடங்கியவர் ‘இசைத்துணுக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறார். துணுக்கு என்றால் நறுக்கிப் போட்ட சிறு துண்டு. இதுவோ பாட்டையே தாங்கி நிற்பது. உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, திங்கள் மாலை

அம்மா, நம்மிடம் ‘எடுப்பு’ இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் ஆகியவற்றை எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசை இயக்கத்தார் வழங்கினார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது எடுப்பு. திரும்பத் திரும்ப வந்து சேரும் இடமும் அதுதான். புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

கோயம்புத்தூரிலிருந்து, திங்கள் இரவு

தஞ்சை ஐயா, நான் கித்தார் கற்பிப்பவன். ‘எடுப்பு’ ஏன் பொருந்தாது என்பதற்கு இந்தப் பாட்டின் பிறப்பே சான்று.

1971 டிசம்பர் தொடக்கத்தில் டீப் பர்ப்பிள் குழுவினர் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகருக்கு வந்தார்கள். குளிர்காலத்துக்காக மூடப்படவிருந்த கசினோ கட்டடத்தில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்தி, ஒரு தொகுப்பைப் பதிவு செய்வது திட்டம். டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் சாப்பாவின் நிகழ்ச்சி. பார்வையாளர் ஒருவர் ஒளிக்குண்டுத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கட்டடம் எரிந்து போனது. சாப்பா குழுவின் கருவிகளும் அழிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. மோந்த்ரோ ஜாஸ் விழாவைத் தோற்றுவித்த குளோத் நோப்ஸ் உள்ளே சிக்கிய இளைஞர்களை வெளியேற்ற ஓடியதைப் பாட்டே பெயர் சொல்லிப் பாடுகிறது.

பதிவுக்கு இடமில்லாமல் போனபின் ஊருக்குள் ‘பவிலியன்’ என்ற அரங்குக்குப் போனார்கள். குழுவின் கித்தார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இந்த ரிஃப்பை வாசித்துப் பதிவு செய்தது அங்கேதான். அப்போது ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பாஸ் கித்தார் வாசித்த ரோஜர் குளோவர் சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது வாயில் வந்த சொற்கள்தான் தலைப்பு. தொகுப்பில் இடம் மிச்சமிருந்ததால் பிற்பாடு அந்தத் தீயின் கதையையே பாட்டாக்கினார்கள். சொல் பிறப்பதற்கு முன் ரிஃப் இருந்தது. எடுப்போ சொல்லோடு பிறப்பது. பாடகர் வாயில் வருவது. ரிஃப் கருவியின் உடைமை.

என் கருத்து, ‘ரிஃப்’ என்றே எழுதுங்கள். என் மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் அதிகாலை

ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்பதைக் குழுமத்தாருக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது. நடுவே ஆய்தத்தைப் பகரத்தோடு ஒட்டி ஓர் அயலொலி. இறுதியில் வல்லின மெய். மூன்று இலக்கணப் பிழைகளை ஒரே சொல்லில் அடக்கி மாணவர் கையில் கொடுப்பதா? கம்பன் இராமனை இகரம் சேர்த்தே எழுதினான். அயற்சொல்லை எடுத்தால் அதன் எழுத்தை நீக்கி நம் எழுத்தோடு புணர்த்து எடுக்க வேண்டும் என்று தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார்.

ஆனால் கடன் வாங்கவே தேவையில்லை. சிலப்பதிகாரக் கானல்வரியின் தொடக்கத்தில் யாழ் நரம்பில் விரல் செய்யும் தொழில்கள் எட்டு வரிசையாக வருகின்றன: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. அந்த எட்டாவதைப் பாருங்கள். பட்டடை என்றால் கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லும் ஆகும். 821ஆம் குறளில் வள்ளுவர் எறிதற்குப் பட்டடை என்று அந்தப் பொருளில்தான் ஆள்கிறார். எல்லா அடியும் வந்து விழும் இடம், அசையாதது, மேலே நடப்பதையெல்லாம் தாங்குவது. இந்தப் பாட்டின் ரிஃப்பைப் பேரன் எனக்குப் போட்டுக் காட்டினான். பட்டறைச் சத்தமேதான். ‘பட்டடை’ என்று எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் காலை

பாளையங்கோட்டை ஐயா சொல்வது கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் இசை நூல் வழக்கில் பட்டடை இளிக்குப் பெயர். இளி என்றால் பஞ்சமம். ஒரு சுரத்தின் பெயரை ஒரு தொடருக்கு வைத்தால் மாணவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான்.

பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் நண்பகல்

அந்த இளியே என் கட்சிக்கு வலு. கோவை நண்பர் உறுதி செய்யட்டும்: பிளாக்மோர் ஒற்றை நரம்பில் வாசிக்கவில்லை, இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசிக்கிறார் என்று படித்தேன். அவற்றின் இடைவெளி என்ன?

கோயம்புத்தூரிலிருந்து, செவ்வாய் மாலை

ஆம் ஐயா. முழுத் தொடரும் நான்காம் சுர இடைவெளியில் இரட்டையாகவே நகர்கிறது. மேல் சுரங்களை நம் முறையில் சொன்னால் ச க ம, ச க மி ம, ச க ம, க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம், ‘மி’ என்றது பிரதி மத்திமம். ஒவ்வொன்றின் அடியிலும் நான்காம் சுரத் தொலைவில் இன்னொரு சுரம் கூடவே ஒலிக்கிறது. பலர் பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டால் இரண்டு தந்திகளையும் வாரி அடிக்கிறார்கள். பிளாக்மோர் விரல்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் சுண்டுகிறார். இரண்டு சுரமும் முன்பின் இல்லாமல் ஒன்றாகப் பிறப்பதால்தான் அந்த இறுக்கம். முதல் வகுப்பில் நான் திருத்துகிற முதல் பிழை இது.

பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

மிக்க நன்றி. மேலே குரல், அதாவது ச; கீழே அதன் இளி! இளியிலிருந்து குரலுக்கு நான்காம் நரம்பு. நான்காம் நரம்பை நம் முன்னோர் ‘நட்பு’ என்றார்கள்; இணை, கிளை, பகை, நட்பு என்ற நான்கில் கடைசி. அதாவது இந்தத் தொடர் பட்டடையில் ஊன்றி, நட்பு நரம்புகளாகவே நடக்கிறது. பட்டடை பற்றி நான் காட்டிய குறள் எந்த அதிகாரத்தில் உள்ளது? கூடா நட்பு. மனம் பொருந்தாத நட்பு அடிப்பதற்கு வாகான அடைகல் என்கிறார். நட்பு நரம்பும் பட்டடையும் ஒரே இடத்தில் கூடும் இந்தப் பொருத்தத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

முதல் இரட்டைக்கு நீங்கள் சொல்வது சரி. அடுத்த இரட்டையில் மேலே காந்தாரம், கீழே நிடாதம். அங்கே இளி எங்கே? பட்டடை நகராதது, இதுவோ நகர்கிறது. (குரல் சட்சமமா, மத்திமமா என்ற பழைய வழக்கை இங்கே யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மதுரை அம்மாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.)

‘எடுப்பு’ என்றதை நான் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதில் ‘பிடி’யைச் சொல்கிறேன். இராகத்தின் முகத்தைச் சட்டென்று காட்டும் சிறு தொடரைப் பிடி என்கிறோம். ஒரு பிடி கேட்டதும் இது தோடி, இது காம்போதி என்று தெரிந்துவிடும். ரிஃப்பும் அப்படித்தானே? முதல் மூன்று அடியிலேயே இன்ன பாட்டு என்று ஊரே சொல்லிவிடுகிறது.

லோசானிலிருந்து, புதன் பிற்பகல்

வணக்கம். அந்த ஏரிக்கரையில்தான் நான் வாழ்கிறேன். இங்கிருந்து மோந்த்ரோவுக்கு ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. பாதை நெடுகிலும் ஜெனீவா ஏரி கூடவே வரும். கசினோ எரிந்த புகை அந்த நீர்ப்பரப்பின் மேல் படர்ந்ததைக் குழுவினர் தங்கள் விடுதியிலிருந்து பார்த்தார்கள். தலைப்பைச் சிலர் ‘தண்ணீரில் புகை’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள்ளிருந்து புகை வரவில்லை. ‘நீர்மேல் புகை’ என்று எழுதினால் நீர்மேல் எழுத்தும் நினைவுக்கு வரும்.

கோவை நண்பர் சொன்ன பவிலியனிலும் அவர்கள் நிலைக்கவில்லை. அயலவர்கள் சத்தம் தாங்காமல் முறையிட, காவல்துறை வந்தது. அந்த ஒரு பதிவோடு வெளியேறி, குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலின் நடைவழிகளில் மெத்தைகளைச் சாத்திவைத்து மற்றப் பாட்டுகளைப் பதிந்தார்கள். எரிந்த கசினோ திரும்பக் கட்டப்பட்டு 1975இல் திறக்கப்பட்டது.

சொல்லுக்கு வருகிறேன். ஈழத்தில் எங்கள் பக்கத்தில் படித்த பாடத்தைத் திரும்பப் படிப்பதை ‘மீட்டல்’ என்போம். பரீட்சைக்கு முன் மீட்டல் வகுப்பு நடக்கும். நரம்பைச் சுண்டுவதும் மீட்டல்தான். திரும்ப வருவதும் கருவியில் வாசிப்பதும் ஒரே சொல்லில் அமைகின்றன. ‘மீட்டு’ என்று பெயராக்கலாம் என்பது என் விருப்பம். இன்னொன்று, ஒளிக்குண்டுத் துப்பாக்கி என்கிறீர்கள். வன்னியில் இரவு வானில் விடுவதை நாங்கள் ‘பரா வெளிச்சம்’ என்றோம். அந்தச் சொல்லை இங்கே போடச் சொல்லவில்லை. போட எனக்கு மனமும் இல்லை. அப்படி ஒரு சொல் இருந்தது என்று பதிகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் இரவு

லோசான் தம்பி, ‘மீட்டு’ அழகாக இருக்கிறது. ஆனால் வீணையில் வலக்கை விரல் ஒருமுறை தந்தியைத் தீண்டுவதே ஒரு மீட்டு. 12 மீட்டுகள் சேர்ந்த ஒன்றை மீட்டு என்றால் என் மாணவிகள் தடுமாறுவார்கள். உங்கள் ‘மீள்’ என்ற கருத்தை என் பிடியோடு சேர்த்து ‘மீள்பிடி’ என்று வைத்தால் என்ன?

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன் காலை

‘பிடி’ என்று மட்டும் வைத்திருந்தால் மறுத்திருப்பேன். கித்தாரில் இடக்கை விரல்கள் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் அமைப்பை நாங்கள் பிடி என்றே சொல்லிக்கொடுக்கிறோம். ‘மீள்பிடி’ அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. மோட்டிஃப்பிலிருந்தும் அது பிரிந்து நிற்கிறது. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் வரும் நான்கு சுரக் கரு ஒவ்வொரு முறையும் இடம் மாறி, உரு மாறி வளர்ந்துகொண்டே போகும். ரிஃப் வளராது. அது அப்படியே திரும்பி வரும், சுற்றிலும் உள்ளவை வளரும். இந்தப் பாட்டில் கித்தார் தனியாகத் தொடங்க, டிரம்ஸ் வந்து சேர, ஜான் லார்டின் ஆர்கன் அதே தொடரில் கலக்க, பாஸ் கித்தார் கடைசியாக நுழையும். தொடர் மட்டும் மாறவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், மாணவர்கள் இணையத்தில் ‘மீள்பிடி’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘ரிஃப்’ என்ற சொல்லையும் உடன் தர வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன் நண்பகல்

தேடினால் கிடைக்காது என்பது வாதமே அல்ல. எழுதினால்தான் கிடைக்கும். ‘பேருந்து’ என்று முதலில் எழுதியவர் எங்கே தேடினார்?

‘மீள்பிடி’யில் எனக்கு இலக்கணக் குறை இல்லை, வினைத்தொகை, நன்றாகவே புணர்ந்திருக்கிறது. ஆனால் அதில் இரும்பு இல்லை. அடியும் அதிர்வும் சொல்லில் கேட்க வேண்டும்.

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. ‘மீள்பிடி’க்குத் தஞ்சை, லோசான், நான், ‘ரிஃப்’ உடன் வந்தால் கோவை நண்பரும். பாளையங்கோட்டை ஐயா உடன்படவில்லை. முதல் இடத்தில் ‘மீள்பிடி எனப்படும் ரிஃப்’ என்று எழுதிவிட்டு, மற்ற 37 இடங்களில் ‘மீள்பிடி’ என்றே விட்டிருக்கிறேன். மோட்டிஃப்பை ‘இசைக்கரு’ என்றும், ரிஃப்ரெய்னைப் ‘பல்லவி’ என்றும் வைத்தேன்.

ஒரு வாக்கியத்தில் மட்டும் பாளையங்கோட்டை ஐயாவின் சொல்லை ஆண்டிருக்கிறேன். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் நேர்ந்தபின் நிவாரண நிதிக்காகப் பல குழுக்களின் கலைஞர்கள் கூடி இதே பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். இயன் கில்லன், பிளாக்மோர், டோனி அயோமி, பிரையன் மே, டேவிட் கில்மோர் எல்லோரும் அதில் இருந்தார்கள். வெவ்வேறு பாணியில் வாசிப்பவர்கள் ஒன்றுகூட இந்தத் தொடரே ‘பட்டடையாக அமைந்தது’ என்று எழுதினேன். அந்த இடத்தில் வேறு சொல் எனக்கு நிறைவு தரவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து, வெள்ளி அதிகாலை

ஓரிடத்திலாவது நின்றது. மகிழ்ச்சி. ஆனாலும் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

கோயம்புத்தூரிலிருந்து, சனி மாலை

இன்று வகுப்பில் ‘மீள்பிடி’ என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ‘மீள்’ஐ விட்டுவிட்டு, “சார், அந்தப் பிடியை இன்னொரு தரம் வாசியுங்கள்” என்றார்கள். இடக்கைப் பிடியையா, தொடரையா என்று நான் கேட்க வேண்டியதாயிற்று.

மதுரையிலிருந்து, ஞாயிறு காலை

எட்டாம் அத்தியாயத்தில் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஒலிபெருக்கி வழியாக அனுப்பி, கித்தாரைப் போலக் கரகரக்க வைத்தது பற்றி நான்கு பக்கம் வருகிறது. ‘டிஸ்டார்ஷன்’ என்பதற்குத் ‘திரிபு’ பொருந்துமா? புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் இருப்பதால் தயங்குகிறேன். இந்த முறை பத்து நாள் அவகாசம் இருக்கிறது.