கிரனோலாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புக்குக் காலை உணவுக் கையேடு ஒன்று செய்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். புட்டு, இடியப்பம் எல்லாம் எழுதியாயிற்று. பிள்ளைகள் தாங்களே செய்யட்டும் என்று கிரனோலாவையும் சேர்த்தோம். 3 கோப்பை ஓட்ஸ், 1 கோப்பை உடைத்த பாதாம், கால் கோப்பை எண்ணெய், அதைவிடச் சற்றுக் கூடுதலாக மேப்பிள் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. பிசறித் தட்டில் பரப்பி ஓவனில் 150 பாகை செல்சியசில் அரை மணி நேரம். நடுவில் ஒருமுறை கிளறவேண்டும். உலர்திராட்சை கடைசியில்தான், முதலிலேயே போட்டால் கருகிவிடும். செய்முறை தயார், தலைப்புதான் இல்லை.

– ஸ்கார்பரோ

*

'வறுகூலம்' என்று வையுங்கள் அம்மா. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. 'வறுக்கூலம்' என்று அச்சிட்டுவிடாதீர்கள். கூலம் என்றால் தானியம், அதில் நெல், தினை மட்டுமல்ல, பயறும் அடங்கும். மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். கூலமாக அளந்து கொடுத்ததே கூலி என்பது என் உறுதியான எண்ணம். சம்பளத்தையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்: சம்பா நெல்லும் அளத்து உப்பும்...

– மதுரை

*

> சம்பா நெல்லும் அளத்து உப்பும்

ஐயா, வெள்ளிக்கிழமை கெடு! எட்டு வயதுப் பிள்ளைக்குக் கூலம் என்றால் 'குப்பை கூளம்'தான் நினைவுக்கு வரும். லகர ளகரம் பிரித்துச் சொல்லப் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். சாப்பிடும் பொருளுக்கு அந்த நினைப்பு வேண்டாம். 'ஓட்ஸ் பொரி' என்றால் யாருக்கும் புரியும்.

– கோவை

*

பொரி என்றால் பொரிந்திருக்கவேண்டும். ஓட்ஸ் எங்கே பொரிகிறது? ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்குகிறார்கள். அது அவலுக்கு உறவு. குறுந்தொகை 238-இல் பாசவல் இடித்த உலக்கையை வரப்பில் கிடத்திவிட்டுப் பெண்கள் வண்டல் விளையாடப் போகிறார்கள். இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது பொரி எதற்கு? ஓட்ஸுக்குத் தமிழில் காடைக்கண்ணி என்று பெயர், காடைக்கண்ணி அவல் என்றே சொல்லலாம்.

– மதுரை

*

அவல் எனக்கும் சம்மதம். காடைக்கண்ணி வேண்டாம், கடையில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் இது வறுப்பதும் அல்ல. சட்டியில் போட்டுக் கைவிடாமல் கிளறினால்தான் வறுவல். ஓவனில் சுற்றிலும் அனல் பிடிக்கிறது. பேக்கரியை எங்கள் பக்கம் வெதுப்பகம் என்று எழுதுவோம், அதனால் 'வெதுப்பவல்'. சூடு பெயரிலேயே இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். வெதுப்பாத ஓட்ஸைக் கொட்டைகளோடு கலந்தால் அது சுவிட்சர்லாந்து மருத்துவர் பிர்ச்சர்-பென்னரின் வழிவந்த மியூஸ்லி ஆகிவிடும். ஆங்கிலப் பெயரில் தேடிப்பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1863-இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் கோதுமை மாவை இருமுறை சுட்டு உடைத்துக் 'கிரானுலா' என்று பெயரிட்டார். இரவே ஊறப்போட்டால்தான் காலையில் மெல்ல முடியும், அவ்வளவு கடினம். பிறகு ஜான் ஹார்வி கெல்லாக் அதே பெயரில் வேறொன்றைச் செய்து, அப்புறம் எழுத்தை மாற்றிக் கிரனோலா ஆக்கினார். தானியம் என்ற பொருளுக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

– யாழ்ப்பாணம்

*

நேற்று வகுப்பில் செய்து பார்த்தோம். தட்டை எடுத்ததும் தொட்டால் மெதுமெது என்றுதான் இருந்தது. முழுக்க ஆறியபிறகே மொறுமொறுப்பு வந்தது. பிள்ளைகள் 'மொறு அவல்' என்கிறார்கள். எப்படிச் சேர்த்து எழுதுவது?

– ஸ்கார்பரோ

*

'மொறு' முற்றியலுகரம். வகர உடம்படுமெய் பெற்று 'மொறுவவல்' ஆகும்.

– மதுரை

*

நன்னூலிலேயே 'முற்றும் அற்று ஒரோவழி' என்று இருக்கிறதே ஐயா? கதவு + அழகு, கதவழகு ஆகவில்லையா? உகரத்தை விட்டுவிடலாம்: மொறவல். வாயிலும் நிற்கும்.

– கோவை

*

ஒரோவழி என்றால் சிறுபான்மை. வசதிக்கு எடுத்துக்கொள்ளும் விதி அல்ல அது.

– மதுரை

*

வந்த மடல்களை எண்ணினேன்: மொறவலுக்கு நால்வர், வெதுப்பவலுக்கு இருவர், வறுகூலத்துக்கு ஒருவர். சரி, 'மொறவல்' என்று தலைப்பிட்டு, கீழே சிறிய எழுத்தில் கிரனோலா என்று போட்டு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

– ஸ்கார்பரோ

*

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள் அக்கா. அப்பளமும் மொறுமொறுதான், முறுக்கும் மொறுமொறுதான். அடுத்த பதிப்புக்கு வெதுப்பவலோடு திரும்பி வருவேன்.

– யாழ்ப்பாணம்