வசனம் நம்மகிட்டயே திரும்பி வந்த நாள்: உங்க அனுபவத்தச் சொல்லுங்க

தேரிக்காட்டான்

அசனம்னா என்னன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டாம், சர்ச்சுல ஊரே சேந்து உக்காந்து சாப்பிடுத விருந்து. இந்த வருசம் எங்க ஊர் அசனத்துக்கு அரை மூட்டை அரிசி கொண்டு இறக்கினேன். ஐயர், அதான் எங்க பாதிரியார், பிரசங்கம் பண்ணினது வேற ஏதோ வசனத்துல. எனக்குள்ள ஓடினது மத்தேயு 5:23, 24. காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னால வச்சிட்டுப் போயி முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு இருக்குல்லா, அது. எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்னு ஆறு வருசம். விளையில வரப்பு மேல நிக்கிற மூணு பனைக்கு வந்த சண்டை. ஏறி இறக்க இப்ப ஆளே கிடையாது, அந்தப் பனைக்குத்தான்.

மத்தியானம் பந்தியில உக்காந்தா கறி வாளியோட வாறது அவன். எல்லா இலைக்கும் சடசடன்னு போட்டுட்டு வந்தவன் என் இலைகிட்ட நின்னுட்டான். கரண்டிய வாளிக்குள்ள விட்டுக் கிண்டுதான், கிண்டுதான். பின்னால நின்னவன் "என்னல தேடுத"ன்னு கேக்கான். இவன் என் மூஞ்சியப் பாக்காம இலையப் பாத்து, "நல்லி வேணுமா?"ன்னான்.

சின்னப் பிள்ளையில அந்த நல்லிக்கு ரெண்டு பேரும் மண்ணுல உருண்டிருக்கோம். எனக்கு வாய் வரல. நாலு மாசம் ஆச்சு, எங்க கறி கொதிச்சாலும் வாளிக்குள்ள கரண்டி இடிக்கிற அந்தச் சத்தம்தான் கேக்கு.

ஏரல் டீச்சர்

தம்பி எழுதினதப் படிச்சிட்டுத்தான் எனக்கும் எழுதத் தோணிச்சு. 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சே, அந்த மழை. நாங்க எதிர்வீட்டு மாடியில ஏறிட்டோம், அவங்க முஸ்லிம் குடும்பம். கரண்ட் இல்ல, போன் இல்ல. ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்து கதவுகள இடிக்கிற சத்தம் மட்டும் இருட்டுல.

அந்த வீட்டு மருமக, "டீச்சரக்கா, நீங்க எதாவது ஓதுங்க, பிள்ளைக பயப்படுது"ன்னா. நான் ஞாயிறு பள்ளியில நாப்பது வருசம் வசனம் சொல்லிக் கொடுத்தவ. போட்டியில ஒரு வார்த்தை விட்டாலும் மார்க் குறைப்பேன், அழுத பிள்ளைகளும் உண்டு. தைரியமா 91-ம் சங்கீதத்த ஆரம்பிச்சேன். "அவர் உன்னை வேடனுடைய கண்ணிக்கும்..." அதோட நின்னு போச்சு. அடுத்த வார்த்தை வரவேயில்ல. திரும்ப முதல்ல இருந்து சொன்னேன், அதே "கண்ணிக்கும்"ல வந்து நின்னுட்டு.

மூலையில படுத்திருந்த அவங்க மாமியா, எண்பது வயசிருக்கும், "தண்ணிக்கும்னு சொல்லேன் தாயி, இப்ப அதுக்குத்தானே கேக்கோம்"னாவ.

இருட்டுல பிள்ளைகதான் முதல்ல சிரிச்சுது. பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்போட விடிஞ்சுது.

இப்ப வீட்டுல குடும்ப ஜெபத்துல அந்தச் சங்கீதம் வந்தா என் வாயில "கண்ணிக்கும் தண்ணிக்கும்"னுதான் வருது. திருத்தவும் மனசு வரல, விடவும் பயமா இருக்கு.

பாளை ஓய்வூதியர்

சகோதரிக்கு முதலில். வேதத்தோடு ஒன்றையும் கூட்டவும் கூடாது, எடுத்துப்போடவும் கூடாது. வெளிப்படுத்தல் கடைசி அதிகாரம் பார்க்கவும். "பாழாக்கும் கொள்ளைநோய்க்கும்" என்பதே சரி. தினம் பத்து முறை எழுதிப் பார்த்தால் சரியாகிவிடும்.

அடுத்து தேரிக்காட்டாருக்கு. தாங்கள் அந்த வசனத்தைச் சரியாக வாசிக்கவில்லை. 1871-இல் பவர் ஐயர் குழு முடித்த நம் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பது: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவுண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்". அதாவது குறை அவருக்கு, உங்கள்மேல். நீங்கள் எழுதியிருப்பதில் அவருடைய குறை என்னவென்று ஒரு வரியாவது உண்டா? பனை இருக்கிறது, நல்லி இருக்கிறது, அது இல்லை.

பனை விஷயத்துக்கு வருவோம். முதலில் பட்டா கூட்டுப் பட்டாவா, தனிப்பட்டாவா என்று பாருங்கள். கூட்டு என்றால் உட்பிரிவு செய்ய மனு கொடுக்க வேண்டும். புல வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் நிற்க வையுங்கள். வரப்பில் நிற்கும் மரம் என்றால் கல் எங்கே விழுகிறதோ அதுவே தீர்ப்பு. அளக்கும் அன்று வீட்டுப் பெண்களைக் களத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள், பேச்சு வளரும். வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தாத்தா காலத்துப் பத்திரமாக இருந்தால் நான்கெல்லையில் மரத்தையே அடையாளமாக எழுதியிருப்பார்கள், அந்த மரம் இப்போது இருக்காது.

என் அனுபவமும் ஒன்று உண்டு. என் மனைவி சம்பந்தப்பட்டது. பிறகு எழுதுகிறேன்.

குறுக்குத்துறை

ஓய்வூதியர் ஐயா, வெள்ளத்துல உக்காந்திருந்த பாட்டிக்கு மார்க் போடுதீங்களே, நியாயமா? அவங்க கேட்டதுல என்ன தப்பு?

நம்ம கதை பெருமாள் கோயில் கதை, பொறுத்துக்கிடுங்க. வைகாசியில ஆழ்வார்திருநகரி கருடசேவை. நவதிருப்பதின்னு சொல்லுத ஒம்பது கோயில் பெருமாளும் ஒம்பது கருடன்ல வர்றது. அம்மாவுக்கு ரொம்ப வருசத்து ஆசை, கூட்டிட்டுப் போனேன். கூட்டத்துல அம்மாவ முன்னால நெரிச்சு அனுப்பிட்டு நான் பின்னால நின்னேன். ஒரு பூக்கார ஆச்சி என் கையப் புடிச்சி, "எய்யா, இந்தக் கூடைய ஒரு நிமிசம் பாத்துக்கோ, பெருமாளப் பாத்துட்டு ஓடியாந்திருதேன்"னுட்டுப் போயிட்டா.

ஒரு நிமிசமா? ஒம்பது கருடனும் போயிட்டு. நான் பாத்தது குடை நுனியும் தீவட்டிப் புகையும்தான். நடுவுல நாலு பேர் வந்து பூ வேற கேட்டாங்க, முழம் போடத் தெரியாம கை நீளத்துக்கு அளந்து குடுத்தேன். ஆச்சி வந்தா, கண்ணெல்லாம் தண்ணி. நான் வையணும்னு வாயத் தொறக்கேன், அவ கூடைய எட்டிப் பாத்துட்டு, "எத்தன மொழம்ல வித்த?"ங்கா. அப்புறம் மடியில இருந்து வெத்தல ஒண்ண எடுத்து, பாதியக் கிழிச்சுத் தந்தா.

பஸ்ஸுல அம்மாகிட்ட பொலம்பினேன். அம்மாவுக்கு திருவாய்மொழி கொஞ்சம் பாடம். "உண்ணுஞ் சோறு பருகு நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்"னு நம்மாழ்வார் அந்தா இருக்கிற திருக்கோளூருக்குத்தாம்ல பாடினாரு, வெத்தலயத் தின்னுட்டுப் பேசாம வா, அப்படின்னா. சமாதானத்துக்குச் சொன்னாளா, நெசமாவே சொன்னாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஒம்பது கருடனப் பாக்காத கடுப்பு மட்டும் இன்னும் போகல.

தேரிக்காட்டான்

ஓய்வூதியர் ஐயா, நான் சர்வேயர் கேக்கல. முதல்ல படிச்சப்ப கோவம்தான் வந்துச்சு. பிறகு பைபிள எடுத்துப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு, "உன்பேரில்"னு.

அவனுக்கு என்மேல என்ன குறைன்னு எனக்குத் தெரியும். பனை இல்ல. எங்க அம்மா இறந்தப்ப அவன் பம்பாயில இருந்தான். டிக்கெட் கிடைக்கல, ஒரு நாள் பொறுங்கன்னு போன் பண்ணினான். நான் பொறுக்கல. உடம்பு தாங்காதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஐஸ் பெட்டி வாடகை ஒரு நாள் கூட ஆகும்னு கணக்குப் பாத்தேன், அது எனக்கு மட்டும் தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அவன் வந்து இறங்கினப்ப கல்லறையில சாந்து காஞ்சு போச்சு.

பனைச் சண்டை அதுக்கு அடுத்த மாசம் வந்தது.

ஏரல் டீச்சர்

தம்பி, நல்லி வேணுமான்னு கேட்டான்னு எழுதினியே, நீ என்ன சொன்ன?

தேரிக்காட்டான்

ஒண்ணும் சொல்லல டீச்சர். அவனும் பதிலுக்கு நிக்கல. இலையில போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டான்.