புதுப்பிப்பு: பழைய கேசட்டில் இருந்த ‘லவ் மீ டூ’

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் பழைய சாமான் கடையில கிடைச்ச லேபிள் இல்லாத கேசட்டைப் பத்திக் கேட்டிருந்தேன்ல, அதுல இருக்கிற பீட்டில்ஸோட ‘லவ் மீ டூ’ எந்தப் பதிவுன்னு? “டாம்பரின் (கையில வச்சுக் குலுக்குற ஜல்ஜல் வாத்தியம்) கேக்குதா பாரு”ன்னு நிறைய பேர் சொன்னீங்க.

விஷயம் இதுதான். 1962ல இந்தப் பாட்டுக்கு மூணு டிரம்மர் வாசிச்சிருக்காங்க: ஜூன்ல பீட் பெஸ்ட், செப்டம்பர் 4ல அவருக்குப் பதிலா குழுவுக்கு வந்த ரிங்கோ, 11ஆம் தேதி வெளியில இருந்து கூப்பிட்ட ஆண்டி ஒயிட். கடைசித் தடவை ரிங்கோ கையில டாம்பரினைக் குடுத்துட்டாங்க, பாவம். இங்கிலாந்துல முதல்ல வந்த சிங்கிள்ல ரிங்கோவோடது, 1963 ஆல்பத்துல ஆண்டி ஒயிட்டோடது. பீட் பெஸ்ட் வாசிச்சது 1995ல தான் வெளிய வந்துச்சு.

பிளேயர் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுவையா ஓடிட்டு இருந்துச்சு. சிம்மக்கல்ல ஒரு மெக்கானிக் அண்ணன் பெல்ட்டை மாத்தி, ஹெட்டைத் துடைச்சுக் குடுத்தார். “இதெல்லாம் போன்லயே கேக்குதேப்பா”ன்னு ஒரு சிரிப்பு வேற. ஹெட்போன்ல போட்டா, டிரம் அடியோடயே ஜல் ஜல்லுன்னு டாம்பரின். அப்ப ஆண்டி ஒயிட்தான். எல்லார்கிட்டயும் இருக்கிறது.

ஆனா மறுபக்கம் பீட்டில்ஸோட ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ இருக்கு. ஸ்டீரியோவுல முடிவுல ரிங்கோ விரல்ல கொப்புளம்னு கத்துவாரே, அது இல்லை! அப்ப 1968 மோனோ மிக்ஸ், அதாவது ஒரே சேனல்ல கலந்த பதிப்பு. 1980ல அமெரிக்காவுல வந்த பீட்டில்ஸ் ‘ரேரிடீஸ்’ தொகுப்புலயும் அந்த மோனோ உண்டுதான். ஆனா அதுல ‘லவ் மீ டூ’ ரிங்கோ வாசிச்சது. ரெண்டு பாட்டும் அந்த ஒரே இசைத்தட்டுல இருந்து வந்திருக்க வழியில்லை.

மதுரைப் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ இருக்கிற அந்த 1968 மோனோ இசைத்தட்டு கிடந்தா சொல்லுங்க. அங்கயே உக்காந்து கேட்டுட்டு வந்துடுறேன்.