மொரிஷியஸ் தமிழ்க் கலைச்சொல் குழுவின் மடல்கள்
பொருள்: போஸ்ட்மாஸ்டருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ரோஸ் ஹில்லிலிருந்து:
வணக்கம். எந்தெந்த டொமைன்கள் (இணையப் பெயர்கள்) போஸ்ட்மாஸ்டர் முகவரி, அதாவது மடல் கோளாறுகளை முறையிடும் மின்மடல் முகவரி, வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை வகுப்புக்கு. விதி எளிது. மின்மடலை வாங்கும் அல்லது கடத்தும் எஸ்.எம்.டி.பி வழங்கி (மடல் பரிமாறும் கணினி) எதுவானாலும் அந்த முகவரிக்கு வருவதை ஏற்றே ஆக வேண்டும் என்கிறது இணைய விதி ஆவணமான ஆர்.எஃப்.சி 5321 (2008). முகவரியின் எழுத்துகளை மாற்ற முடியாது. அதன் பின்னால் இருக்கும் ஆளுக்குத்தான் சொல் வேண்டும். இலங்கையில் வழங்கும் 'தபால் அதிபர்' என்றால் பிள்ளைகள் தபால்தலை விற்கும் கவுண்டரை நினைக்கிறார்கள்.

மோக்காவிலிருந்து:
தம்பி, தபாலே வேண்டாம், அது மராத்தியிலும் கன்னடத்திலும் புழங்குவது. சோழர் கல்வெட்டில் 'திருமந்திர ஓலை நாயகம்' இருக்கிறார். 'மின்னோலை நாயகம்' என்று வைக்கலாமே!

போர்ட் லூயிஸிலிருந்து:
ஐயா, ஓலை நாயகம் அரசன் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தவர். ஓலை போய்ச் சேர்ந்ததா என்பது அவர் கவலையில்லை. நம் ஆளுக்கோ அது ஒன்றுதான் கவலை. போன மாதம் ஒரு கம்பெனிக்கு எழுதினேன். '550, அப்படி ஒரு பயனர் இல்லை' என்று திரும்பியது. சரி, போஸ்ட்மாஸ்டரிடம் முறையிடலாம் என்று எழுதினால் அதற்கும் 550! நாயகமும் இல்லை, ஓலையும் இல்லை.
பேசாமல் 'அஞ்சல் பொறுப்பாளர்' என்று போடுங்கள்.

மோக்காவிலிருந்து:
அஞ்சலில் வம்பு இருக்கிறது. அல் ஈறு தொழிற்பெயரா, 'அஞ்சாதே' என்னும் எதிர்மறை வியங்கோளா? குறளில் வரும் 'மகன் எனல்' (மகன் என்று சொல்லாதே), 'பதடி எனல்' (பதர் என்று சொல்) இரண்டையும், முன்னது எதிர்மறை, பின்னது உடன்பாடு என்று பரிமேலழகரே பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

போர்ட் லூயிஸிலிருந்து:
பழைய திருவிதாங்கூர் அரசின் தபாலுக்கே அஞ்சல் என்றுதான் பெயர். அங்கே யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

கியூர்பிப்பிலிருந்து:
சொல் கிடக்கட்டும், கையேட்டில் ஒரு ஓட்டை. டொமைனுக்கு வரும் மடலை எந்த வழங்கி வாங்கும் என்று சொல்வது எம்.எக்ஸ் பதிவு. 'எம்.எக்ஸ் பதிவு இல்லாத டொமைனுக்கு இந்த முகவரி வேண்டாம்' என்று போட்டிருக்கிறது. தப்பு. எம்.எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்பும் வழங்கி, டொமைனின் ஐ.பி முகவரிப் பதிவைப் பார்த்து அந்தக் கணினிக்கே போய்க் கதவைத் தட்டும். அங்கே மடல் வழங்கி ஓடினால் கடமையும் உண்டு. மடலே வேண்டாம் என்பவர்கள் ஆர்.எஃப்.சி 7505 (2015) சொல்கிறபடி வெற்று எம்.எக்ஸ் வைக்கட்டும்: முன்னுரிமை 0, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைப் புள்ளி. இணையதளத்துக்கு மட்டும் டொமைன் வாங்கியவர்களுக்கு இதுதான் நல்லது.
சொல்லைக் கேட்டால், 1847-இல் நம் தீவு அச்சடித்த முதல் தபால்தலைகளிலேயே 'போஸ்ட் ஆபீஸ்' இருக்கிறது. புளூ பென்னி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். வீட்டிலும் கிரியோலில் 'லாப்போஸ்' என்கிறோம். போஸ்ட்மாஸ்டர் என்றே எழுதினால் யாருக்குப் புரியாது?

மோக்காவிலிருந்து:
புரிவது மட்டும் போதுமென்றால் இந்தக் குழு எதற்கு?

ரோஸ் ஹில்லிலிருந்து:
ஓட்டையை அடைத்துவிட்டேன், நன்றி அண்ணே. இரவு அச்சுக்குப் போயாக வேண்டும். 'அஞ்சல் பொறுப்பாளர்' என்று போடுகிறேன். முகவரி வரும் இடங்களில் போஸ்ட்மாஸ்டரே இருக்கட்டும்.

மோக்காவிலிருந்து:
காவடிக்குப் பந்தல் போடுகிறவரும் பொறுப்பாளர்தான். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம், ஆர்.எஃப்.சி 2142 (1997) முறைகேடுகளைப் புகார் செய்யும் 'அபியூஸ்' முகவரியும் கேட்கிறதே, அதற்கு என்ன போட்டீர்கள் தம்பி?