இரட்டை இருக்கை கிளைடர் போட்டி: இரண்டாவது இருக்கை யாருக்கு?

வடகாற்று எழுதியது:

மேலெழும் காற்றை நம்பிப் பறக்கும் கிளைடர்களின் போட்டியில், 20 மீட்டர் இரட்டை இருக்கை வகுப்பைப் பற்றி நெடுநாளாக மனதில் இருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன். உடன்படாதவர்கள் காரணத்தோடு மறுத்து எழுதுங்கள்.

இந்த வகுப்பின் விதி எளிமையானது. இறக்கையின் முழு நீளம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது, காக்பிட்டில் இருவர் இருந்தாக வேண்டும். அந்த இருவரும் முன்னாள் சாம்பியன்களாக இருந்தாலும் தடையில்லை. அதனால் என்ன நடக்கிறது? வெல்ல நினைக்கும் அணி தன்னிடம் இருக்கும் மிகச் சிறந்த இருவரை ஒரே கிளைடரில் ஏற்றிவிடுகிறது. அவர்கள் பறக்க ஸ்டாண்டர்ட், 15 மீட்டர், 18 மீட்டர், ஓபன், கிளப் என்று வேறு வகுப்புகள் இருக்கின்றன. புதியவர் ஒருவர் அனுபவசாலியின் பக்கத்திலிருந்து போட்டியைக் கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்புள்ள வகுப்பு இதுதான். அதையும் இழந்துவிடுகிறோம்.

என் யோசனை: இருவரில் ஒருவர், பெரிய போட்டி எதிலும் இதுவரை பறந்திராதவராக இருக்க வேண்டும். இதை விதியாகவே எழுத வேண்டும்.

தெர்மலில், அதாவது சூடாகி மேலெழும் காற்றில், வட்டமடிக்க யாரும் பயிற்சி நாளில் கற்றுக்கொள்ளலாம். வேரியோ (ஏறும் வேகத்தைக் காட்டும் கருவி) நொடிக்கு 2 மீட்டர் ஏற்றம் காட்டும்போது அதை விட்டுவிட்டு, முன்னால் தெரியும் கருத்த மேகத்தடியை நம்பிக் கிளம்பலாமா என்ற முடிவைத் தரையில் உட்கார்ந்து கற்பிக்க முடியாது. எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சியாளரும் அதைக் கரும்பலகையில் கற்பித்ததில்லை.

---

நெடுஞ்சிறகு எழுதியது:

வடகாற்று, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த விதி வந்தால் அந்த வகுப்பே செத்துவிடும்.

கொஞ்சம் வரலாற்றைப் பாருங்கள். இரட்டை இருக்கை உலகப் போட்டிக்குப் புதிதல்ல. 1952இல் மாட்ரிட், 1954இல் இங்கிலாந்தின் கேம்ப்ஹில், 1956இல் பிரான்சின் சேன்-யான் ஆகிய மூன்றிலும் தனி இருக்கைக்கும் இரட்டை இருக்கைக்கும் தனித்தனிப் பட்டம் இருந்தது. 1954இல் யூகோஸ்லாவியாவின் ரெயினும் கோமாச்சும் கொஷாவா கிளைடரில் வென்றார்கள். 1956இல் பிரிட்டனின் குட்ஹார்ட்டும் ஃபாஸ்டரும். இன்றும் சாம்பியன் பட்டியலில் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. ஓட்டியவர் ஒருவர், கூட வந்தவர் ஒருவர் என்று யாரும் பிரிக்கவில்லை. (அதே சேன்-யானில் தனி இருக்கையை வென்றவர் பால் மெக்ரெடி. தெர்மல்களுக்கு இடையில் எந்த வேகத்தில் பறப்பது என்பதற்கு நாம் எல்லோரும் இன்றும் நாடுவது அவருடைய கோட்பாட்டைத்தான்.)

1958இல் போலந்தின் லெஷ்னோவில் ஸ்டாண்டர்ட், ஓபன் என்று வகுப்புகள் மாறின. இரட்டை இருக்கைக்குத் தனிப் பட்டம் போயிற்று. 2014இல் ஃபின்லாந்தின் ராய்ஸ்கலாவில்தான் 20 மீட்டர் வகுப்பாக உலகப் போட்டிக்குத் திரும்பியது. இடையில் 58 ஆண்டுகள். இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த ஒரு பட்டத்தைப் பயிற்சி வகுப்பாக மாற்றச் சொல்கிறீர்கள்.

இரண்டு வல்லுநர்கள் சேர்ந்து பறப்பது தனியாகப் பறப்பதை விட எளிது என்று நினைப்பவர் அப்படி ஒருநாளும் பறந்திருக்க மாட்டார். தனியாக இருந்தால் சந்தேகம் வரும், முடிவு எடுப்போம், போவோம். இருவர் இருந்தால் சந்தேகம் இரண்டாகும். அதை ஒன்றாக்கும் திறமைதான் இந்த வகுப்பின் விளையாட்டு. ரேலி கார் பந்தயத்தில் ஓட்டுநரையும் நேவிகேட்டரையும் ஓர் அணியாகத்தானே பார்க்கிறோம்? நேவிகேட்டர் புதியவராகத்தான் இருக்க வேண்டும் என்று யாராவது விதி போடுவார்களா?

---

அளவுகோல் எழுதியது:

கருத்துக்கு முன் கொஞ்சம் கணக்கு. இரண்டாமவரின் எடை பேச்சில் வராமல் போகிறது.

ஆர்கஸ் கிளைடரை எடுத்துக்கொள்வோம். இறக்கைப் பரப்பு சுமார் 15.6 சதுர மீட்டர், அதிகபட்ச எடை 800 கிலோ. அதாவது சதுர மீட்டருக்கு 51 கிலோ. 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் மட்டும் சதுர மீட்டருக்கு 5 கிலோ கூடுகிறது. தெர்மல்கள் வலுவாக இருக்கும் நாளில் இது இழப்பே இல்லை. எப்படியும் இறக்கையில் தண்ணீர் நிரப்பி எடையைக் கூட்டத்தான் போகிறோம். கனமான கிளைடர் அதே சறுக்கு விகிதத்தில் (இழக்கும் உயரத்துக்கு முன்னேறும் தூரம்) அதிக வேகமாகப் போகும். வானிலை சோர்ந்தால் தண்ணீரைத் திறந்துவிடலாம். மனிதரைத் திறந்துவிட முடியாது.

எடை கூடினால் வட்டமும் பெரிதாகும். 40 டிகிரி சாய்வில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வட்டத்தின் ஆரம் சுமார் 94 மீட்டர். அதே சாய்வில் 115 கிலோமீட்டர் என்றால் 124 மீட்டர். குறுகலான தெர்மலில் இந்த 30 மீட்டர்தான் மையத்தில் ஏறுவதற்கும் விளிம்பில் தடுமாறுவதற்கும் உள்ள வித்தியாசம். 20 மீட்டர் இறக்கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் சாயவும் நேரம் எடுக்கும்.

வகுப்பில் எல்லாரும் இருவராகவே பறப்பதால் இது யாருக்கும் அநியாயம் இல்லை. ஆனால் ஒன்று புரிகிறது: சோர்ந்த நாளில் இரண்டாமவர் தன் எடைக்கு ஈடாக எதையாவது தந்தாக வேண்டும். புதியவர் என்ன தருவார் என்பதுதான் என் கேள்வி.

---

இளம்பருந்து எழுதியது:

அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லலாம், ஏனென்றால் இங்கே பேசப்படும் புதியவர்களில் நானும் ஒருத்தி. தனியாகப் பறக்க உரிமம் உண்டு, பெரிய போட்டி எதிலும் இன்னும் கலந்துகொண்டதில்லை.

வடகாற்று ஐயா எனக்காகத்தான் வாதாடுகிறார், நன்றி. ஆனால் விதியால் ஒதுக்கப்பட்ட இருக்கை எனக்கு வேண்டாம். ஐந்து மணி நேரம் பின்னால் உட்கார்ந்து, "இப்போது பேசாதே" என்பதை மட்டும் கேட்டுவிட்டு இறங்கினால் நான் என்ன கற்றிருப்பேன்? வெல்ல வந்த ஒருவருக்குப் பதற்றமான நேரத்தில் விளக்கம் சொல்லப் பொறுமை இருக்காது. அது அவர் தவறும் இல்லை.

ஏறும்போது முழுக்க நான் ஓட்ட வேண்டும், அடுத்த மேகம் எது என்று நான் முதலில் சொல்ல வேண்டும், அதன் பிறகு அவர் சொல்ல வேண்டும். அப்படி நடந்தால் கற்பேன். எந்த விதியும் அதை உறுதி செய்யாது. இருக்கையில் யார் உட்காருகிறார் என்பதை விதி சொல்லலாம், கிளைடரை ஓட்டும் கைப்பிடி யார் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியாது.

---

தரைக்குழு எழுதியது:

நான் போட்டிகளில் டிரெய்லர் இழுப்பவன், கிளைடரைக் கோர்ப்பவன், ஏற்றம் கிடைக்காமல் வயலில் இறங்கியவரைத் தேடிப் போகிறவன். எனக்கு முதல் கவலை பாதுகாப்பு, அதனால் நான் நெடுஞ்சிறகு பக்கம்.

ஸ்டார்ட் கோடு திறப்பதற்கு முன் ஒரே தெர்மலில் பல கிளைடர்கள் அடுக்கடுக்காகச் சுற்றும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2004 முதல் ஃப்ளார்ம் கருவி இருக்கிறது, மோதல் அபாயத்தை எச்சரிக்கிறது. ஆனால் பத்துப் பேர் நெருங்கிச் சுற்றும் இடத்தில் அது ஓயாமல் கத்தும், எந்தக் கத்தல் முக்கியம் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அங்கே இரண்டாவது ஜோடிக் கண் விலைமதிப்பற்றது. அந்தக் கண் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணாக இருக்க வேண்டும். உள்ளே கற்பித்தல் நடந்தால் இரண்டு தலைகளும் திரையைப் பார்த்துக் குனிந்திருக்கும் நொடிகள் கூடும். எனக்கு மிகப் பயமான நொடிகள் அவைதான்.

அப்புறம் கட்டுப்பாடு கைமாறும் விஷயம். "கைப்பிடி உங்களிடம்", "என்னிடம்" என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். நீண்ட நாள் சேர்ந்து பறந்த இணைக்கு அது மூச்சு விடுவது போல வரும். நேற்று அறிமுகமானவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒருவர் ஓட்டுகிறார் என்று மற்றவர் நினைத்து, இருவருமே ஓட்டாத நிலை வரக்கூடாது.

வயலில் இறங்குவதும் தனி இருக்கை போல இல்லை. எடை அதிகம், நீளமான வயல் வேண்டும். பின் இருக்கைக்காரருக்குக் கீழே உள்ளதை இறக்கை மறைக்கும். டுவோ டிஸ்கஸ் போன்றவற்றில் இறக்கையை லேசாக முன்நோக்கிச் சாய்த்திருப்பதில் பின்னால் இருப்பவருக்குப் பார்வை கொஞ்சம் திறக்கிறது, அப்படியும் முன் இருக்கைப் பார்வை வராது. ஆகவே வயலைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னால் இருப்பவர் யார் என்பது பெரிய விஷயம்.

---

வடகாற்று எழுதியது:

தரைக்குழு சொன்ன கடைசிப் பத்தியை வைத்தே பதில் சொல்கிறேன். பயிற்சி கிளைடர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இயங்குகின்றன. ஏஎஸ்கே 21 கிளைடரில் கற்பவர் முன்னால், ஆசிரியர் பின்னால். குறைந்த பார்வையோடு, முன்னால் இருப்பவரின் தவறு எங்கே போகும் என்று கணித்து, தக்க நேரத்தில் கையை நீட்டும் ஆசிரியர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். போட்டி அதைவிடக் கடினம்தான். அதற்காக முடியாத காரியம் என்று ஆகிவிடாது.

கூட்டத்தில் கண்காணிப்பு என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதானே? அதை எங்கே கற்பது? தனி இருக்கையில், முதல் போட்டியில், பக்கத்தில் யாருமே இல்லாமல், பத்துப் பேரோடு சுற்றியா? இன்று புதியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கற்கிறார்கள். பாதுகாப்பு என்று பேசினால் எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இளம்பருந்து, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். புதியவர் முன் இருக்கையில் என்று விதி இருக்கட்டும். அங்கே உட்கார்ந்தால் கைப்பிடி தானாக அவர் கைக்கு வரும்.

---

நெடுஞ்சிறகு எழுதியது:

வராது. இரண்டு இருக்கையிலும் கைப்பிடி உண்டு. கடைசி 40 கிலோமீட்டர், ஃபைனல் கிளைடில் (இனி ஏறாமல் முடிவிடம் வரை சறுக்கும் கட்டத்தில்) உயரம் போதுமா போதாதா என்ற நிலை. பின்னால் இருக்கும் அனுபவசாலி கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார் என்று நம்புகிறீர்களா?

இரு வல்லுநர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை "இரண்டு சாம்பியன்களை வீணாக்குவது" என்று பலர் நினைக்கிறார்கள். ஏரியா டாஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது அன்றைய பாதையைப் புள்ளிகளாக இல்லாமல் பரப்புகளாகத் தரும் போட்டிப் பறப்பை. குறித்த பரப்புகளுக்குள் எவ்வளவு ஆழம் போவது என்பது நம் முடிவு. குறைந்தபட்ச நேரம் 3 மணி என்று வைத்தால், 10 நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தாலும் வேகத்தைக் கணக்கிடத் தூரத்தை 3 மணியால்தான் வகுப்பார்கள். அந்தப் 10 நிமிடம் போனது போனதுதான். தாமதமாக வந்தால் நாளின் கடைசியில் ஓய்ந்த காற்றில் தவழ்ந்திருப்போம். இந்தக் கணக்கைத் தனியாகப் பறப்பவர் தெர்மலை மையப்படுத்திக்கொண்டே போட வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் ஏறுவார், மற்றவர் அடுத்த முக்கால் மணி நேரத்தை மனதில் பறந்துகொண்டிருப்பார். ஏற்றம் முடிந்ததும் திசை தயாராக இருக்கும். அதன்பின் மாற்றிக்கொள்வார்கள். மூன்றாவது மணி நேரத்தில் களைப்பு எட்டிப்பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

போட்டிக்கு வெளியிலும் இதற்குச் சான்று உண்டு. 2006இல் ஐனார் எனெவோல்ட்சனும் ஸ்டீவ் ஃபாசெட்டும் 50,000 அடிக்கு மேல் ஏறினார்கள். 2018இல் ஜிம் பெய்னும் டிம் கார்ட்னரும் பெர்லன் 2 கிளைடரில் 76,000 அடியைத் தாண்டினார்கள். எஞ்சின் இல்லாமல் இவ்வளவு உயரம். இரண்டு முறையும் இருவர்தான்.

---

அளவுகோல் எழுதியது:

உயரச் சாதனையை இங்கே இழுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அங்கே போட்டியாளர் யாரும் பக்கத்தில் இல்லை, வென்றவர் தோற்றவர் கணக்கும் இல்லை. ஏரியா டாஸ்க் வாதம் வலுவானது, அது போதும்.

ஆனால் நெடுஞ்சிறகு ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் வர்ணித்த வேலைப் பிரிவினையில் ஒரு பாதியைப் புதியவர் முதல் நாளிலேயே செய்யலாம். ஏறுவதை நன்றாகச் செய்யும் இளைஞர்கள் எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது அடுத்த முக்கால் மணி நேரத்தைப் பார்க்கும் பாதி. அதைப் பார்ப்பவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்த்தால் போதும், மற்றவர் காதில் விழும். கற்பித்தல் என்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பல நாடுகளின் தேசியப் போட்டிகளில் இரட்டை இருக்கை வகுப்புக்கு ஹேண்டிகேப் எண் (கிளைடரின் திறனுக்கு ஏற்ப மதிப்பெண்ணைச் சமன்செய்யும் எண்) உண்டு. பழைய கிளைடரும் புதிய கிளைடரும் ஒரே பட்டியலில் நியாயமாக நிற்கின்றன. கிளைடருக்கு அப்படிச் செய்யலாம் என்றால் இணைக்கும் செய்யலாம். புதியவரோடு பறக்கும் அணிக்குத் தனி மதிப்பெண் பட்டியல், அதே டாஸ்க், அதே வானம்.

---

இளம்பருந்து எழுதியது:

தனிப் பட்டியல் என்றால் நான் வருவேன். நானும் பின் இருக்கை ஆளும் சேர்ந்து பெயர் கொடுப்போம், யார் எந்த நேரத்தில் ஓட்டுவது என்று டோவுக்கு (கிளைடரை இழுத்து மேலேற்றுவதற்கு) முன்பே பேசி முடிவெடுப்போம்.

ஒரே ஒரு நிபந்தனை கேட்பேன். மாலையில் பறப்புப் பதிவைத் திறந்து, எங்கே நேரம் போயிற்று என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரத்தில் காதில் விழுந்தவற்றில் பாதியாவது அங்கேதான் எனக்குப் புரியும்.

---

தரைக்குழு எழுதியது:

தேசிய அளவில் என்றால் எனக்கும் ஆட்சேபம் குறைகிறது. அங்கேயும் ஒன்றை மாற்ற மாட்டேன்: அந்த இணை போட்டிக்கு முன்பே சேர்ந்து பறந்திருக்க வேண்டும், ஒரு முறையாவது ஒன்றாக வயலில் இறங்கிப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. சில கிளைடர்களில் துணை எஞ்சின் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அதைக் கிளப்பிய இடத்தோடு உங்கள் டாஸ்க் முடிந்தது என்று மதிப்பெண்ணில் கணக்காகிவிடும். அது கிளம்பாமல் போகும் வாய்ப்பும் உண்டு. எஞ்சினை நம்பி வயலைத் தேடாமல் கீழே இறங்கி வரும் பழக்கத்தைப் புதியவருக்கு முதல் போட்டியிலேயே கற்றுக்கொடுக்கக் கூடாது.

---

வடகாற்று எழுதியது:

உலகப் போட்டியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், ஆனால் கொள்கையை விடவில்லை. தேசியப் போட்டிக்குத் தனிப் பட்டியல் கேட்டு எழுதப் போகிறேன். புதியவர் முன் இருக்கையில் என்பதையும், சேர்ந்து பறந்த பதிவு காட்ட வேண்டும் என்பதையும் அதில் சேர்ப்பேன். நெடுஞ்சிறகு, கையெழுத்துப் போடுவீர்களா?

---

நெடுஞ்சிறகு எழுதியது:

தனிப் பட்டியலுக்குப் போடுவேன். முன் இருக்கை கட்டாயம் என்ற வரிக்குப் போட மாட்டேன். அதை இணையே முடிவு செய்யட்டும். அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.