மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியதும் ஒரு சேனல்கூட வரவில்லை, அவசரம்

மொட்டைமாடி:
மாடி ஆன்டெனாவில் இருந்த பழைய பிளாஸ்டிக் டப்பா வெயில் பட்டுப் பொரிந்துவிட்டது. கழற்றிப் போட்டுவிட்டு ஆன்டெனாவின் 300 ஓமைக் கேபிளின் 75 ஓமுக்குப் பொருத்தும் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் (பாலன்) புதிதாக மாட்டினேன். ஒன்றுமே வரவில்லை. மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே 0.3 ஓம். ஷார்ட்! இன்னொன்று வாங்கினேன், அதுவும் ஷார்ட். அப்பாவுக்கு இரவுச் செய்தி பார்த்தே ஆக வேண்டும். நல்ல பாலன் எது என்று எப்படிச் சோதிப்பது?

ஈயப்பற்று:
எந்த அதிர்வெண் பட்டை, விஎச்எஃபா, யுஎச்எஃபா? கேபிள் எவ்வளவு நீளம்? நடுவில் சிக்னலைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் உண்டா? இதெல்லாம் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

கூரைக்காகம்:
தண்ணீர்தான். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், வலை பச்சை பூத்திருக்கும். என் வீட்டில் இரண்டு முறையும் அதுதான் காரணம்.

மொட்டைமாடி:
யுஎச்எஃப். ஸ்பிளிட்டர் இல்லை. கனெக்டர் புதிது, உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. கேபிள் நேராக டிவிக்கு வருகிறது. பாலன் ஷார்ட்டாக இருப்பதுதானே பிரச்சினை?

அலைநீளம்:
தம்பி, மல்டிமீட்டர் அளப்பது டிசி (நேர்மின்னோட்ட) மின்தடையை. பாலனுக்குள் இருப்பது ஃபெரைட் என்னும் காந்தப் பொருளில் சுற்றிய சில சுற்றுச் செம்புக் கம்பி. அது 0.3 ஓம் காட்டாமல் வேறென்ன காட்டும்? 300, 75 என்பது ஒளிபரப்பு அதிர்வெண்ணில் உள்ள மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான தடை. சில பாலன்களில் வரிசையாகக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், அவை ஓபன் (இணைப்பே இல்லாதது போல) காட்டும். அதுவும் நல்லதுதான். இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். முதலில் தேடிப் படித்துவிட்டு வரும் பழக்கம் வேண்டும்.

ஈயப்பற்று:
கைவசம் இரண்டு இருக்கிறதல்லவா? இரண்டின் 300 ஓம் முனைகளையும் ஒன்றோடொன்று இணையுங்கள். ஒழுங்காகப் படம் வரும் வேறொரு ஆன்டெனாவின் கேபிளுக்கு நடுவே இந்த ஜோடியைச் செருகுங்கள். டிவியின் சிக்னல் அளவு கொஞ்சம் மட்டும் இறங்கினால் இரண்டும் நலம். இழப்பில் பாதிதான் ஒன்றின் கணக்கு. முனைக் கம்பிகளை நீளமாக விடாதீர்கள், யுஎச்எஃபில் இரண்டு அங்குலம்கூட வேலையைக் காட்டும்.

கம்பிவலை:
பாலனே வேண்டாம் என்பேன். 300 ஓமை 75-ல் நேரே கட்டினால் 36 சதவீத சக்திதான் திரும்பிப் போகும். இழப்பு 2 டெசிபல்கூட வராது.

அலைநீளம்:
கணக்கு சரி, முடிவு தவறு. ஆன்டெனாவில் சிக்னலைப் பிடிக்கும் மடிப்பு டைபோல் இரு பக்கமும் சமநிலையானது, கோஆக்ஸ் (நடுக்கம்பியும் வெளிவலையும் உள்ள டிவி கேபிள்) அப்படி இல்லை. நேரே கட்டினால் வெளிவலையின் மேற்பரப்பில் மின்னோட்டம் ஓடும். கேபிளே ஆன்டெனாவாகி வீட்டில் உள்ள எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும்.

கம்பிவலை:
அப்படியென்றால் பாலனாக அரை அலை நீளக் கோஆக்ஸ் வளையம் போடட்டும். 600 மெகாஹெர்ட்ஸில் அரை அலை 25 செ.மீ. கேபிளுக்குள் அலையின் வேகம் குறைவதால் அதை 0.66-ஆல் பெருக்கினால் 16.5 செ.மீ. கேபிள் துண்டு. ஃபெரைட் இழப்பே கிடையாது.

அலைநீளம்:
0.66 என்பது கெட்டிப் பாலிஎத்திலீன் கேபிளுக்கு. இப்போது வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் நுரைக் கேபிள், அதற்கு 0.8-க்கு மேல். 16.5 என்று வெட்டினால் சேனல் மாறிப்போகும். அதோடு வளையம் அந்த ஒரு அதிர்வெண்ணுக்குத்தான் சரியாக அமையும், தள்ளிப் போகப் போகக் கெடும்.

மழைத்துளி:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. மொட்டைமாடி, கழற்றிய டப்பாவுக்குள் சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு இருந்ததா? டிவி பக்கத்தில் ஏதாவது அடாப்டர் இருக்கிறதா?

மொட்டைமாடி:
போர்டு இருந்தது, அதையும் சேர்த்துத்தான் எறிந்தேன். டிவிக்குப் பின்னால் கறுப்பு அடாப்டர் ஒன்று உண்டு, கேபிள் அதன் வழியாகத்தான் போகிறது. எப்போதும் இருப்பதுதானே என்று சொல்லவில்லை. நேற்றிலிருந்து அதன் விளக்கு எரியவில்லை, தொட்டால் சுடுகிறது.

மழைத்துளி:
உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். நீங்கள் எறிந்தது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். அந்த அடாப்டர் கேபிள் வழியாகவே மேலே டிசி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே பூஸ்டர் இல்லை, உங்கள் 0.3 ஓம் சுருள்தான் இருக்கிறது. நல்ல பாலன்தான், ஆனால் அடாப்டருக்கு அது ஷார்ட். அடாப்டரை லைனிலிருந்தே எடுத்துவிட்டுக் கேபிளை நேரே டிவியில் செருகி, சேனல் தேடுங்கள். சிக்னல் போதவில்லை என்றால் ஆன்டெனா, பாலன், பூஸ்டர் என்ற வரிசையில் வையுங்கள். பூஸ்டருக்குக் கீழே டிசி ஓடும் கேபிளில் பாலன் வரவே கூடாது.

அலைநீளம்:
சரியாகப் பிடித்தீர்கள். அடாப்டர் இருப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

மொட்டைமாடி:
நேரே செருகினேன், வந்துவிட்டது! இரண்டு சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் நன்றி.

ஈயப்பற்று:
அந்த இரண்டும் எந்த அதிர்வெண்? மற்ற பாலனையும் மாட்டிப் பார்த்து அளவு சொல்லுங்களேன்.

கம்பிவலை:
நுரைக் கேபிளில் 20.5 செ.மீ. வெட்டிக் கட்டியிருக்கிறேன். நாளை அளந்து எழுதுகிறேன்.